அன்னாசித் தோல் என்சைம்: செய்வது எப்படி, எதில் ஊற்றலாம், எதில் கூடாது

பினாங்கில் பழத்தோலுக்குப் பஞ்சமே இல்லை. வெட்டுப் பழக் கடைகளில் அன்னாசித் தோல் பை பையாகக் கிடக்கும். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு வீட்டில் மண்டரின் ஆரஞ்சுத் தோல் குவியும். எல்லாம் கறுப்புப் பைக்குள் போய், கடல் தாண்டி, செபராங் பிறையில் உள்ள புலாவ் புரோங் குப்பைமேட்டில் சேர்கிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. அங்கே போகும் ஈரக் குப்பையில் கொஞ்சத்தையாவது நம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தியது தரை துடைக்கவும் உதவும். அதனால்தான் கேட்பவர்களுக்கெல்லாம் பழத்தோல் என்சைமை, அதாவது பழத்தோலைச் சீனித் தண்ணீரில் புளிக்கவைத்து வடிக்கும் துப்புரவு நீரைச் சொல்லித் தருகிறேன்.

தாய்லாந்தின் டாக்டர் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது. பினாங்கில் டாக்டர் ஜோஅன் ஊன் இதைப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். எடைக் கணக்கில் சீனி 1, தோல் 3, தண்ணீர் 10. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் போத்தல். 5 லிட்டருக்கு மேல் கொள்ளும் பிளாஸ்டிக் போத்தல் வேண்டும். கண்ணாடி வேண்டாம். உள்ளே வாயு உண்டாகும், அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடலாம். வாய் அகலமாக இருந்தால் பிறகு தோலை வெளியே எடுக்கச் சிரமப்பட மாட்டீர்கள்.

அடுத்து கலவை. 3 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பழுப்புச் சீனியைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். வெள்ளைச் சீனியிலும் புளிக்கும், ஆனால் பெரும்பாலானவர்கள் பழுப்பையே விரும்புகிறார்கள். விலை கூடிய குலா மெலாகா (தென்னை வெல்லம்) இதற்குத் தேவையில்லை, அதைச் செண்டோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 900 கிராம் தோலைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். அன்னாசி, ஆரஞ்சு, எலுமிச்சை, பம்ளிமாஸ் எல்லாம் நல்ல வாசனை தரும். காய்கறித் தோலும் சேரலாம், வாசனைதான் குறையும். டுரியான் ஓடு வேண்டாம். கட்டையாக இருப்பதால் எளிதில் மக்காது. சமைத்த சோறு, எண்ணெய்ப் பட்டது, மீன், இறைச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். அழுகிப்போகும். போத்தலின் மேல்பகுதியில் கால்வாசி இடமாவது காலியாக இருக்கட்டும்.

மூடி, தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத மூலையில் வையுங்கள். முதல் மாதம் முழுக்கத் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். இதைத் தவறவிடக் கூடாது. மேலே மிதக்கும் தோலைச் சுத்தமான கரண்டியால் அழுத்திவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் புளிப்பு வேகமாகவே தொடங்கும். முதலில் கள் வாசனை அடிக்கும், போகப்போகக் காடி வாசனையாக மாறும். மேலே வெள்ளைப் படலம் வந்தால் பயப்பட வேண்டாம். கறுப்பாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் பூஞ்சாணம் பூத்தால், இன்னும் சீனி போட்டு மீட்கலாம் என்பார்கள் சிலர். கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே என் யோசனை. மூன்று மாதம் கழித்துத் துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் தெளிந்த நீர் கிடைக்கும்.

இதைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகள் உலவுகின்றன. எல்லாக் கிருமியையும் கொல்லும், எல்லா அழுக்கையும் கரைக்கும் என்பார்கள். நம்ப வேண்டாம். போத்தலில் இருப்பது அடிப்படையில் ஒரு மிதமான அமிலம். சீனியை ஈஸ்ட் சாராயமாக்குகிறது, பாக்டீரியா அதைப் புளிப்பாக்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் எதில் ஊற்றலாம், எதில் கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அமிலத்துக்கு அசைவது சோப்புப் படிவு, குழாயடி வெள்ளைக் கறை, துரு, மீன் வாடை. குளியலறைச் சுவரில் தண்ணீர் கலக்காமல் தெளித்து, 15 நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மீன் வெட்டிய பலகைக்கும் சிங்க் ஓட்டைக்கும் இதே வழிதான். செராமிக் தரைக்கு ஒரு வாளித் தண்ணீரில் 50 மில்லி விட்டுத் துடைத்தால் போதும். அன்னாசித் தோல் சேர்ந்தது என்றால் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நல்லது. ஆனாலும் அதற்குப் புளியே போதும் என்பேன். விளக்கை எதைக் கொண்டு தேய்த்தாலும் உடனே கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பச்சை பிடிக்கும்.

மார்பிள், டெராசோ (சிமெண்டில் கல் துண்டுகள் பதித்து மெருகேற்றிய தரை), சிமெண்டில் செய்த பூவேலைத் தரை ஓடு மூன்றிலும் ஒரு சொட்டும் படக் கூடாது. மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அமிலம் அதை அரித்துப் பளபளப்பைப் போக்கிவிடும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்த ஓடு தேய்ந்தால் அதேபோல இன்னொன்று கிடைப்பது கஷ்டம். அங்கே வெறும் தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும்.

அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்கும் அமிலத்துக்குப் போகாது. அதற்குப் பூந்திக்கொட்டைதான் சரி. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் நுரை வரும் நீர் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். அடுப்பைச் சுற்றிய டைல்ஸில் பிசுக்கு கெட்டியாக ஒட்டியிருந்தால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்க்கலாம். சோடாவையும் என்சைமையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பொங்குவதைப் பார்த்தால் பலமாக வேலை செய்வதுபோல் தெரியும். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன.

பிளீச் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கழிவறையில் பிளீச் ஊற்றியிருந்தால், நன்றாகக் கழுவி முடிக்கும்வரை என்சைம், காடி, எலுமிச்சை எதுவும் அங்கே போகக் கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். போத்தல் மேல் தமிழிலும் மலாயிலும் பெயர் எழுதுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழச்சாறு போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

வடிகட்டிய சக்கையில் ஒரு கைப்பிடியை அடுத்த போத்தலில் போட்டால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். மீதியைத் தொட்டி மண்ணில், வேர் படாமல் ஓரமாகப் புதைத்துவிடலாம்.