பழைய ஃபிலிம் தோற்றம்: எடிட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு பீரோவில் கருப்புத் தாள் ஆல்பம் ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம். அதன் ஓரங்களில் மஞ்சள் ஏறிவிட்டது, நடுவில் இருக்கும் முகங்களோ இன்னும் தெளிவாகத்தான் இருக்கின்றன. கருமையான இடங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலம் கலந்த ஒரு வெள்ளிப் பளபளப்பு தெரியும். ஒரு மூலையை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. டிஜிட்டல் படத்துக்குப் பழைய தோற்றம் கொடுக்க உட்காரும்போதெல்லாம் நான் முதலில் இதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

இதில் இருக்கும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு காரணம் உண்டு. காற்றும் ஈரமும் ஓரத்தின் வழியாக உள்ளே போனதால் மஞ்சள் அங்கே தொடங்கியது. பிரிண்டுக்குள் இருந்த வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிந்ததால் அந்தப் பளபளப்பு. காரணத்தை யோசிக்காமல் அடையாளத்தை மட்டும் எடுத்து ஒட்டும்போதுதான் எடிட்டிங் பொய்யாகத் தெரிகிறது. ஆகவே ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் படத்தில் பழசானது நெகட்டிவா (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிம்), பிரிண்டா (அதிலிருந்து தாளில் போட்ட படம்)?

இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் தவறு தூசியிலும் கீறலிலும் உடனே அகப்பட்டுவிடும். நெகட்டிவின் மேல் தூசி கிடந்தால் அது ஒளியை மறைக்கும், பிரிண்டில் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக விழும். நெகட்டிவின் மருந்துப் பக்கம் (படம் பதியும் பூச்சு உள்ள பக்கம்) சுரண்டப்பட்டால் அங்கே ஒளி அதிகமாகப் பாயும், பிரிண்டில் கருப்புக் கோடு வரும். பளபளப்பான பின்பக்கத்துக் கீறல் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளைக் கோடாகத் தெரியும். பிரிண்டே மடிந்திருந்தால் மேல்பூச்சு வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். இணையத்தில் கிடைக்கும் தூசி டெக்ஸ்சர்களில் பல, கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும். அவற்றைத் தனி லேயராக, கருப்பை மறைத்து வெள்ளையை மட்டும் காட்டும் ஸ்கிரீன் மோடில் வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறை இருந்தால், வெள்ளையை மறைத்துக் கறையை மட்டும் காட்டும் மல்ட்டிப்ளை. எதையும் நார்மல் மோடில் வைத்து ஒளிபுகுதன்மையை மட்டும் குறைத்தால் படத்தின் மேல் சாம்பல் நிறப் போர்வை ஒன்று விழுந்ததுபோல் ஆகிவிடும். ஒரே டெக்ஸ்சரை ஆல்பத்தில் உள்ள பத்துப் படங்களுக்கும் போட்டால் பத்திலும் அதே மூலையில் அதே கீறல் நிற்கும். திருப்புங்கள், புரட்டுங்கள், பெரிதாக்குங்கள். முகத்தின் மேல் விழுவதை லேயர் மாஸ்க்கில் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) அழித்துவிடுங்கள்.

அடுத்தது செபியா. பழைய படம் என்றாலே பழுப்பு நிறம் என்று நமக்குள் பதிந்துபோயிருக்கிறது. உண்மையில் செபியா டோனிங் என்பது ஸ்டூடியோக்காரர்கள் வேண்டுமென்றே செய்த வேலை. பிரிண்டில் உள்ள வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றுவார்கள். நிறம் இதமாக மாறும், படமும் நீண்டநாள் நிலைக்கும். கெடாமல் இருப்பதற்காகச் செய்ததையே நாம் கெட்டுப்போனதன் அடையாளமாகப் பயன்படுத்துகிறோம். செபியா வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் படத்தின் கருமையை வெளிற வைக்காதீர்கள். நல்ல செபியா பிரிண்டின் அடர்ந்த பகுதி சாக்லேட் போல ஆழமாக இருக்கும்.

கலர் படம் பழசாவது வேறு கதை. 1960களிலும் 70களிலும் எடுத்த பல கலர் பிரிண்டுகளில், ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தபோதே சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் மங்கியது. மீதமிருக்கும் சாயங்களால் படம் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது. இதைக் கொண்டுவர முழுப் படத்தின் மேலும் ஆரஞ்சு பூச வேண்டாம். கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் நிறத்தையும் வளைகோட்டால் மாற்றும் கருவி) சிவப்பு சேனலை மட்டும் திறந்து, அதன் இருண்ட முனையை மெல்ல உயர்த்துங்கள். நிழல்கள் செம்மையாகும், வெள்ளை ஓரளவு வெள்ளையாகவே நிற்கும். கண்ணுக்கு நம்பும்படி இருப்பது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

கிரெய்ன், அதாவது ஃபிலிமில் மணல்போலத் தெரியும் துகள்கள், பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அளவை மீறுவது இங்கேதான். பழசு என்றால் கிரெய்ன் அதிகம் என்று நினைக்கிறோம். தாத்தா காலத்து ஸ்டூடியோ படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், கிரெய்ன் கிட்டத்தட்டத் தெரியாது. அவை பெரிய கண்ணாடித் தட்டுகளிலோ பெரிய ஷீட் ஃபிலிமிலோ எடுக்கப்பட்டு, பெரும்பாலும் அதே அளவில் பிரிண்ட் ஆனவை. 24×36 மில்லிமீட்டரே உள்ள சின்ன 35 எம்எம் நெகட்டிவைப் பல மடங்கு பெரிதாக்கும்போதுதான் மணல் மணலாக கிரெய்ன் எழும். ஆக, அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த குடும்பப் படத்துக்கு கிரெய்னைக் குறையுங்கள். தெருவில் நடந்துகொண்டே எடுத்ததுபோன்ற படத்துக்குக் கூட்டுங்கள். கோடாக் ட்ரை-எக்ஸ் ஃபிலிம் 35 எம்எம் அளவில் வந்தது 1954இல். அந்தப் பெயரில் உள்ள பிரீசெட்டை (ஒரே சொடுக்கில் போடும் தயார் எடிட்டிங் அமைப்பு) 1940களின் படம் என்று சொல்லிப் போட்டால், விவரம் தெரிந்தவருக்கு உறுத்தும்.

கிரெய்ன் எங்கே தெரிகிறது என்பதும் முக்கியம். பிரிண்டின் முழு வெள்ளையிலும் முழுக் கருப்பிலும் அது அநேகமாக மறைந்துவிடும், நடுத்தர சாம்பலில்தான் உயிரோடு இருக்கும். இதற்கு ஃபோட்டோஷாப்பில் நான் செய்வது இதுதான்: 50 சதவீத சாம்பல் நிரப்பிய புது லேயர், ஓவர்லே மோட், அதன் மேல் ஆட் நாய்ஸ். மோனோக்ரோமேட்டிக் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் தெறித்து மலிவான கேமராவில் இரவில் எடுத்ததுபோல் ஆகிவிடும். அப்புறம் அந்த லேயருக்கு அரை பிக்சல் அளவுக்கு, மெல்ல மங்கலாக்கும் காசியன் பிளர். ஒவ்வொரு பிக்சலும் தனியாக மின்னுவது டிஜிட்டல் இரைச்சலின் குணம். ஃபிலிமில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சின்னத் திட்டுகளாகத் தெரியும்.

படத்தின் கூர்மையை அப்படியே விட்டுவிட்டு மேலே கிரெய்ன் மட்டும் தூவுவதும் எடுபடாது. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும் படம் எந்த டெக்ஸ்சர் போட்டாலும் நேற்று எடுத்ததாகத்தான் இருக்கும். கிளாரிட்டியைக் குறைத்து, படத்தையே கொஞ்சம் மென்மையாக்கிய பிறகு கிரெய்னுக்கு வாருங்கள். படம் எடுக்கும்போதே வானமும் வெள்ளை வேட்டியும் வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். நெகட்டிவ் ஃபிலிம் அதிக ஒளியை மெதுவாக, படிப்படியாக ஏற்றுக்கொள்ளும். டிஜிட்டல் சென்சாரில் ஓர் எல்லைக்கு மேல் எதுவும் பதிவாகாது. வெறும் வெள்ளையாகிவிட்ட இடத்தை எந்த கர்வாலும் மீட்க முடியாது.

லைட் லீக் (கேமராவுக்குள் கசிந்த வெளிச்சத்தின் தடம்) போடுபவர்கள் அதைப் படத்தின் நடுவில், நீலத்திலும் பச்சையிலும் போடுவதைப் பார்க்கிறேன். கேமராவின் பின்கதவு இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். பின்பக்கமாக நுழையும் ஒளியை கலர் நெகட்டிவில் முதலில் சந்திப்பது சிவப்பை உணரும் அடுக்கு, அதனால்தான் சிவப்பும் ஆரஞ்சும். கருப்பு வெள்ளைப் படத்தில் அது வெறும் வெள்ளைப் புகைச்சல். கருப்பு வெள்ளைக்கு ஆரஞ்சு லீக் போட்டு, செபியா ஏற்றி, கீழே 90களின் ஆரஞ்சு எண் தேதியும் வைத்தால், மூன்று காலங்கள் ஒரே படத்தில் சண்டை போடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் கெடுவது ஏற்றுமதியில். 6000 பிக்சல் அகலப் படத்தில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கிரெய்ன், 1080 பிக்சலுக்குச் சுருங்கும்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்க் காணாமல் போகும். முதலில் அளவைக் குறைத்து, அந்த அளவிலேயே, 100 சதவீத ஜூமில் பார்த்து கிரெய்ன் சேருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அமுக்கும்போது நுண்ணிய புள்ளிகளெல்லாம் குழைந்து கட்டம் கட்டமாகிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், சேர்த்தது சேர்த்தபடியே போய்ச் சேரும்.