சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: முதலில் அரிசிக் கணக்கு

மலேசியாவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து இறங்கியதும் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். காலையில் சாப்பிட்டாயா என்றுதான் அர்த்தம். ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். இதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும். பழக நாளாவது அரிசி விலைதான்.

வெள்ளை அரிசியில் உள்ளூர், இறக்குமதி என்று இரண்டு உண்டு. உள்ளூர் அரிசிக்கு அரசு வைத்த உச்ச விலை பல வருடமாகக் கிலோ 2 வெள்ளி 60 காசு. 10 கிலோ பை 26 வெள்ளி. இறக்குமதி அரிசி விலை ஏறி இறங்கும். நம் நாக்கு தேடும் பொன்னிப் புழுங்கல் இந்தியாவிலிருந்து வருவது. அதன் விலை டெல்லியில் போடும் கையெழுத்தைப் பொறுத்தது.

2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உலகில் ஏற்றுமதியாகும் அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. மற்ற நாட்டு அரிசியும் சேர்ந்து ஏறியது. செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆனது. எல்லோரும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். அப்புறம் அதுவும் கடையில் கிடைக்கவில்லை.

ஃபோனில் அம்மாவிடம் புலம்பினேன். "இங்க ரேஷன் அரிசி சும்மாதானப்பா தர்றாங்க" என்றார். ஊரில் விலை ஏறக்கூடாது என்றுதான் தடையே. அம்மாவின் உலைக்குக் காவல், என் தட்டுக்குக் கூடுதல் விலை. யாரைத் திட்டுவது?

மலேசியாவும் இதைச் செய்த நாடுதான். 2022 ஜூனில் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர்க் கடைகள் திண்டாடின. அதற்குச் சற்று முன்பு இந்தோனேசியா பாமாயிலை மூன்று வாரத்துக்கு மேல் வெளியே விடவில்லை. அந்த நாட்களில் இங்கே பாமாயில் எடுக்கும் செம்பனைக்கு நல்ல விலை; ஆனால் அந்தத் தோட்டத்துப் பக்கத்திலேயே குடியிருப்பவர் வாங்கும் எண்ணெய்ப் போத்தலும் விலை ஏறியது.

நமக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் போன்ற நாடுகள் இந்தியக் குருணையை நம்பி இருந்தவை. அதன் ஏற்றுமதி 2022 செப்டம்பரிலேயே நின்றது. வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகும் வீட்டில் விலை ஏறினால் முதலில் பருப்பும் முட்டையும் போகும், பிறகு ஒரு வேளைச் சோறு. 2023இல் சுமார் 73 கோடிப் பேர் பட்டினியில் இருந்ததாக 2024இல் ஐ.நா. மதிப்பிட்டது. போர், வறட்சி, வேலையின்மை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெளிச்சந்தையில் வாங்கிப் பிழைக்கும் நாட்டுக்குத் தடை பெரிய அடி.

2024 செப்டம்பரில் வெள்ளை அரிசித் தடை நீங்கியது, அடுத்த மாதம் புழுங்கல் வரியும் போனது. இங்கே விலை ஏறிய வேகத்தில் இறங்கவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்புவதற்கு முன் அரிசிக்கும் எண்ணெய்க்கும் எடுத்து வையுங்கள். நான் முதல் ஆறு மாதம் தலைகீழாகச் செய்தேன். உள்ளூர் வெள்ளை அரிசியையும் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைத்து வைத்தால் குழையாது. தடைச் செய்தி வந்தால் ஒரு பை கூடுதலாக வாங்கலாம், ஐந்து வேண்டாம். இந்த ஈரக் காற்றில் வண்டு வைத்துவிடும். கடைக்காரர் முகம் பழகினால் 555 என்ற சின்னக் கணக்கு நோட்டில் கடன் எழுதிக்கொள்வார். அதே நோட்டு ஒன்றை நீங்களும் வாங்கி, அவர் எழுதுவதையெல்லாம் எழுதி வையுங்கள்.