வளைகுடாவிலிருந்து திரும்பும் ஏசி மெக்கானிக், ஊரில் தொழில் தொடங்க

டிக்கெட் போடும் முன்பே கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் வேண்டும். ஊருக்கு வந்தபின் போனில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. அமீரகத்தில் வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கணக்குத் தீர்க்கும் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.

வந்ததும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வங்கியில் எழுதிக்கொடுங்கள்.

மத்திய அரசின் மானியக் கடன் திட்டமான பிஎம்இஜிபியில் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பித்து மானியத்தை இழப்பவர்கள் உண்டு. மானியமும் உடனே கைக்கு வராது, 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருக்கும். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அங்கே பெரிய கட்டடங்களின் சில்லரும் டக்ட்டும் பார்த்த கைக்கு இங்கே அதிகம் வருவது வீட்டு இன்வெர்ட்டர் ஸ்பிளிட், குளிர்விக்கும் கேஸ் பெரும்பாலும் ஆர்32. பொருத்தும்போது கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை வெளியே தள்ளும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். குழாயில் தங்கும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரைத் தின்றுவிடும். குழாயிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை ஓட்டி, வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் 500-க்குக் கீழே இறங்கியதும் வால்வை மூடிப் பம்பை நிறுத்தி, 10 நிமிடம் கவனியுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு. சற்று ஏறி நின்றுவிட்டால் ஈரம். ஆர்32 தீப்பற்றக்கூடியது, கேஸ் உள்ள குழாயில் பற்றவைக்கும் டார்ச்சின் நெருப்பை வைக்காதீர்கள்.

முதல் காசு பம்புக்கும் கேஜுக்கும் போகட்டும், பெயர்ப்பலகைக்கு அவசரமில்லை.