ஜார்ஜ் பீபாடியின் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் ஆள் மாறிவிடக் கூடாது. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தரும் பீபாடி விருது இவர் பெயரில் இல்லை. அது ஜார்ஜ் ஃபாஸ்டர் பீபாடி என்ற வேறொருவரின் பெயரில் உள்ளது. அவரும் வங்கியாளர், அவரும் வள்ளல் என்பதால்தான் இந்தக் குழப்பம். நம்மவர் 1795-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து 1869-இல் லண்டனில் இறந்தவர்.

'கடைப் பையன் கோடீஸ்வரர் ஆனார்' என்று நடுக்கதையைத் தாண்டிக் குதிப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. எலிஷா ரிக்ஸ் என்ற வணிகரோடு கூட்டுச் சேர்ந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் துணி வியாபாரம் செய்தார். சரக்கு வாங்க 1827-இல் இங்கிலாந்து போனவர், 1837-இல் லண்டனிலேயே தங்கிவிட்டார். அங்கே அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தின் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தார். 1842-இல் அந்த மாநிலம் வட்டி கட்டுவதை நிறுத்தியது. அமெரிக்கர் என்றாலே லண்டனில் முகம் சுளித்தார்கள். வட்டியைத் திரும்பக் கட்ட வைக்கப் பாடுபட்டார் பீபாடி. தனக்கு வர வேண்டிய 60,000 டாலர் கமிஷனையும் விட்டுக் கொடுத்தார். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். விலை சரிந்த மாநிலப் பத்திரங்களை அவரே வாங்கி வைத்திருந்தார், வட்டி திரும்பியதும் நல்ல லாபம் பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நாணயமும் ஆதாயமும் ஒரே ஆளிடம்தான் இருந்தன.

லண்டனில் அவர் நடத்திய வங்கி நிறுவனம் எப்போதும் அசையாமல் நின்றது என்பதும் சரியல்ல. 1857 நிதி நெருக்கடியில் பிரிட்டனின் மத்திய வங்கியான 'பேங்க் ஆஃப் இங்கிலாந்து' கைகொடுத்துத்தான் தப்பியது. அப்போது பின்னாளில் பெரிய அமெரிக்க வங்கியாளரான ஜே.பி. மார்கனின் தந்தை ஜூனியஸ் அங்கே பங்குதாரர். 1864-இல் பீபாடி ஓய்வு பெற்றதும் நிறுவனம் மார்கன் பெயருக்கு மாறியது.

சமாதி லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் என்று எழுதாதீர்கள். அங்கே உடல் சில வாரங்கள்தான் இருந்தது. அப்புறம் 'மோனார்க்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அமெரிக்காவுக்குப் போனது. அடக்கம் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் (Salem) நகரில் நடந்தது.

கொடைகளிலும் கவனம் வேண்டும். லண்டன் ஏழைகளுக்கென 1862-இல் 1,50,000 பவுண்டு தந்தார். பிறகு மொத்தம் 5,00,000 ஆனது. ஆனால் அதில் கட்டிய வீடுகள் இலவசம் அல்ல, வாரா வாரம் வாடகை கட்ட வேண்டியிருந்தது. நிலையான வருமானம் இல்லாத பரம ஏழைகளுக்கு அது எட்டவில்லை. 1867-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்காகத் தொடங்கிய கல்வி நிதியைப் புகழும்போதும், அதை நிர்வகித்த பார்னஸ் சியர்ஸ் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் பள்ளிகளை எதிர்த்தார் என்பதை விட்டுவிடக் கூடாது.