பழைய முக்குளிப்புத் தொடர்களைக் கருவியறிந்து பார்ப்பது எப்படி?

ஜூன் பிறந்துவிட்டால் மகாராஷ்டிரக் கடற்கரையின் மால்வணிலும் தார்கர்லியிலும் ஸ்கூபா படகுகள் கரையேறிவிடுகின்றன. மழை ஓய்ந்து கடல் தெளியும் வரை மும்பையிலிருந்து முக்குளிக்கச் செல்வோருக்கு வேலை இல்லை. நகரத்தை ஒட்டிய கடலோ பெரும்பாலும் கலங்கலாகவே கிடப்பதால், அதை நம்பி யாரும் கருவிகளை வெளியே எடுப்பதில்லை. இந்த இடைவெளியில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு நண்பர் வீட்டில் நான்கைந்து பேர் கூடி, 1950களிலிருந்து 70கள் வரை வெளிவந்த முக்குளிப்புத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பது, பழைய கருவிகளில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பொருத்தமான பொழுதுபோக்கு. கதையைப் பார்த்துவிட்டு எழுந்து போகாமல், திரையில் தெரியும் குழாயையும் குமிழியையும் கம்பியையும் படித்தறியும் மாலையாக அதை அமைத்துக்கொள்ளும் முறையை இங்கே சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு இத்தொடர்கள் மீதுள்ள ஏக்கம் இரவல் ஏக்கம்தான். மும்பைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1972 அக்டோபர் 2 அன்று. அதற்குள் அமெரிக்காவில் இத்தொடர்களுள் முதன்மையானது முடிந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஆகவே சிறுவயதில் பார்த்ததை மீண்டும் பார்க்கும் மகிழ்ச்சி நமக்குக் கிடைக்காது. அதற்கு ஈடாக, நினைவின் மெருகு ஏறாத கண்ணோடு அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது

‘சீ ஹன்ட்’ தொடரிலிருந்து தொடங்குங்கள். 1958 முதல் 1961 வரை 155 பகுதிகளாக வெளிவந்த இந்தக் கறுப்பு வெள்ளைத் தொடரை ஐவன் டோர்ஸ் தயாரித்தார். முன்னாள் கடற்படை முக்குளிப்பவரான மைக் நெல்சன் என்னும் பாத்திரத்தில் லாயிட் பிரிட்ஜஸ் நடித்தார். நீருக்கடியிலான ஒளிப்பதிவில் பெரும்பங்கு லமார் போரனுடையது. ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், ஒரே மாலையில் ஒரு பகுதியை இருமுறை பார்க்கலாம். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை: மூழ்கிய விமானம், புதையல், கத்தியோடு வரும் எதிரி, காற்றுக்குழாயை அறுக்கும் சண்டை. ஆனால் நீருக்கடியில் பேச இயலாது என்பதால் நெல்சனின் குரலே பின்னணியில் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் சொல்லிக்கொண்டு போகிறது. அதனால்தான் கருவி கற்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல பாடநூல் அக்காலத் திரையில் இல்லை என்பது என் கருத்து.

பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் ‘அண்டர்சீ வேர்ல்ட்’ வரிசை 1968இல் தொடங்கி 1976 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. அழகில் இதற்கு நிகர் இல்லை. முன்பு கண்ணிவெடி அகற்றும் கப்பலாக இருந்த கலிப்சோவும், மாலுமிகளின் சிவப்புக் கம்பளித் தொப்பியும் மனத்தில் நின்றுவிடும். ஆயினும் பிந்தைய பகுதிகளில் சிலிண்டர்களை ஒரு வழவழப்பான உறைக்குள் மறைத்துவிடுகிறார்கள். கருவியைப் பார்க்க வந்தவருக்கு அது ஏமாற்றமே. இதை இரண்டாவது மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸும் அவர் மனைவி லோட்டேயும் 1956இல் பிபிசிக்காகச் செய்த வரிசை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். டோர்ஸ் பின்னர் எடுத்த டால்பின் தொடரான ‘ஃப்ளிப்பர்’ குழந்தைகளுக்கு உகந்தது. நம் நோக்கத்துக்கு அதில் சரக்கு குறைவு.

திரையை ஆயத்தம் செய்தல்

இக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பழைய படத்தைக் கெடுப்பதில் வல்லவை. முதலில் படத்தின் அகல உயர விகிதத்தை 4:3 என்று மாற்றுங்கள். அப்படி மாற்றாவிட்டால், சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்கு ஏற்பத் தரும் ரெகுலேட்டர் என்னும் வட்டமான கருவி முட்டை வடிவமாகத் தெரியும், மாதிரியை அடையாளம் காண்பதும் கடினமாகும். அடுத்து, அசைவை மென்மையாக்கும் வசதியையும் செயற்கைக் கூர்மையையும் அணைத்துவிடுங்கள்; இவை இரண்டும் குமிழிகளைப் புள்ளிப்புள்ளியாகச் சிதைத்துவிடுகின்றன. உரிமம் பெற்ற வட்டோ முறையான இணையச் சேவையோ இருந்தால் நல்லது, ஏனெனில் பலமுறை நகலெடுத்த காணொளியில் கம்பி, வார் போன்ற மெல்லிய பொருள்கள் மறைந்துபோகும். அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.

முதல்முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அடக்கிவிட்டு, தொலைவியக்கியை ஒருவர் கையில் கொடுத்து, யார் கேட்டாலும் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வட்டத்தில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற முக்குளிப்பவர் ஒருவர் இருக்கிறார். “சார், இங்கே நிறுத்தட்டுமா?” என்று இளைஞர்கள் கேட்டால், “முகத்தைப் பார்க்காதே தம்பி, முதுகைப் பார்” என்பார். அந்த ஒரு வரி போதும்.

முதுகில் என்ன தெரிகிறது

முதுகில் சிலிண்டரின் தலைப்பில், பிடரிக்குச் சற்றுக் கீழே, இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் கவிழ்த்து இறுக்கியது போன்ற உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். இதுதான் இரட்டைக்குழாய் ரெகுலேட்டர். அதிலிருந்து மடிப்பு மடிப்பான இரண்டு ரப்பர் குழாய்கள் தோள்களின் மேலாக வந்து வாய்ப்பிடியில் சேரும். வலத்தோளின் மேல் வரும் குழாய் காற்றைக் கொண்டுவருகிறது. இடத்தோளின் மேல் போவது வெளிமூச்சைத் திரும்பப் பெட்டிக்கே கொண்டுசெல்கிறது. திரையில் நிறுத்திப் பார்த்தால், குமிழிகள் வாயிலிருந்து வராமல் பிடரிக்குப் பின்னாலிருந்து எழுவது தெரியும். நடிகரின் முகம் ஒவ்வொரு காட்சியிலும் தெளிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இக்கால ஒற்றைக்குழாய் ரெகுலேட்டரில் குமிழிகள் தாடையருகே வெளிப்பட்டுக் கன்னத்தை உரசிக்கொண்டு மேலேறுவதால், ஒளிப்பதிவாளர்கள் பலர் இரட்டைக்குழாயை நெடுங்காலம் கைவிடவில்லை.

வெளிமூச்சை வாயருகிலேயே விட்டுவிடாமல் ஏன் இவ்வளவு தூரம் முதுகுக்குக் கொண்டுபோக வேண்டும்? இந்தக் கேள்வியை யாரேனும் கேட்காமல் இருக்கமாட்டார்கள். விடையை ஆயத்தமாக வைத்திருங்கள். ஏர் லிக்விட் நிறுவனத்தின் பொறியாளர் எமீல் கான்யான், போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காகச் செய்திருந்த வால்வை மாற்றியமைத்து, 1943இல் கூஸ்தோவுடன் சேர்ந்து அக்வாலங் என்னும் இந்த மூச்சுக் கருவியை உருவாக்கினார். பாரிஸுக்கு அருகில் மார்ன் ஆற்றில் முதன்முதலாகச் சோதித்தபோது, உடல் கிடைமட்டமாக இருந்தால் மூச்சு இயல்பாக வந்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. காற்றைத் திறந்துவிடும் டயாஃப்ரம் என்னும் சவ்வும் வெளிமூச்சு வால்வும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததால் அவற்றின் மீதான நீரழுத்தம் வேறுபட்டதே கோளாறு. இரண்டையும் அருகருகே ஒரே பெட்டிக்குள் வைத்ததும் அது தீர்ந்தது. இரண்டாவது குழாய் பிறந்ததும் அதனால்தான்.

இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், திரையில் வேறு பல அசைவுகளுக்கும் பொருள் கிடைக்கிறது. முகம் கவிழ்ந்து நீந்தும்போது நுரையீரல் பெட்டியைவிடச் சற்று ஆழத்தில் இருப்பதால் மூச்சைக் கொஞ்சம் முயன்று இழுக்க வேண்டும்; மல்லாந்தால் நிலை மாறி, காற்று தானாகவே தள்ளிக்கொண்டு வரும். வாயிலிருந்து நழுவிய வாய்ப்பிடி, பெட்டியின் மட்டத்துக்கு மேலே போனதும் காற்றைக் கக்கத் தொடங்கும். ஆகவே அக்காலத்தவர் அதைத் தேடித் துழாவாமல், மல்லாந்து, தலைக்கு மேலே குமிழி கொட்டும் இடத்தில் கையை நீட்டிப் பிடித்தார்கள். அத்தகைய அசைவு திரையில் வரும்போது நிறுத்தி, அது நடிப்பா, பயிற்சியா என்று விவாதியுங்கள். அந்த மாலையின் சிறந்த பேச்சு அங்கேதான் தொடங்கும்.

அடுத்து, சிலிண்டரின் பக்கவாட்டில் இடுப்பு வரை இறங்கும் மெல்லிய கம்பியைத் தேடுங்கள். அப்போது பெரும்பாலானோரிடம் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அழுத்தமானி இல்லை. சிலிண்டரில் அழுத்தம் சுமார் 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு) அளவுக்குக் குறைந்ததும், ஜே வால்வு என்னும் இருப்பு வால்வு மூச்சைக் கடினமாக்கும். கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று திறக்கும். அதைக் கொண்டு உடனே மேலேறிவிட வேண்டும். கம்பி பாறையிலோ பாசியிலோ சிக்கி முன்னதாகவே இறங்கியிருந்தால் இருப்புக் காற்றும் தெரியாமலே தீர்ந்துபோயிருக்கும். நெல்சன் மூச்சு இறுகிக் கையைப் பின்னால் கொண்டுபோகும் காட்சிகளில் பதற்றத்தை உண்டாக்குவது இந்தக் கம்பிதான்.

முகக்கண்ணாடியையும் கவனியுங்கள். பழைய நீள்வட்டக் கண்ணாடிகள் பலவற்றில் மூக்கைப் பிடிக்கத் தனிக்குழிவு கிடையாது. காதழுத்தத்தைச் சமன் செய்யக் கண்ணாடியின் கீழ்விளிம்பை உள்ளங்கையால் மூக்கின் மேல் அழுத்துவார்கள். மிதப்பைச் சரிசெய்யும் ஊதுசட்டையும் அப்போது பெரும்பாலும் இல்லை. ஈயக்கட்டிகளைக் கோத்த எடைப்பட்டையும் நுரையீரலில் நிறுத்தும் காற்றின் அளவுமே மிதப்பைத் தீர்மானித்தன.

மேசைமேல் ஒரு ரெகுலேட்டர்

யாரிடமாவது பழைய இரட்டைக்குழாய் ரெகுலேட்டர் இருந்தால் அதை மேசையில் வைத்து, கையில் எடுத்துப் பார்க்க அனைவருக்கும் இடம் கொடுங்கள். சிலிண்டரில் இணைக்காமலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: காற்று நுழையும் வாயை அதன் மூடியால் அடைத்து, வாய்ப்பிடியை வாயில் வைத்து மெல்ல உள்ளிழுங்கள். காற்று வராமல் இறுகி நின்றால் டயாஃப்ரமும் குழாய்களும் வெளிமூச்சு வால்வும் ஒழுகவில்லை என்று கொள்ளலாம். காற்று வந்தால் குழாயின் மடிப்பை ஒவ்வொன்றாக விரித்து விளக்கின்முன் பிடித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில் முடி கனத்தில் ஒளிந்திருக்கும். பழைய ரப்பரை வாயில் வைக்கத் தயங்குவோர் வாய்ப்பிடியைக் கழுவித் துடைத்துக்கொள்ளட்டும். இச்சோதனை காட்சிப்பொருளின் நிலையை அறிவதற்கு மட்டுமே. இதில் தேறிய கருவியோடு நீரில் இறங்கிவிடலாம் என்று பொருளன்று.

வாங்க நினைப்போர் மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாருக்கோ, கப்பல் உடைப்புக்குப் பெயர்பெற்ற தாருகானா பக்கத்துக்கோ போகலாம். ஆனால் பேராவல் வேண்டாம். பளபளக்கும் பித்தளைத் தலைக்கவசங்கள் கண்ணில் பட்டால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை வரவேற்பறைக்காகச் செய்யப்பட்ட நகல்கள் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

திரையில் கண்டதைச் செய்யாதிருத்தல்

கூட்டத்தில் புதியவர்கள் இருந்தால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் வீரர்கள் அம்பு போல மேலேறுவார்கள். அமெரிக்கக் கடற்படையின் அக்கால அட்டவணை நிமிடத்துக்கு 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர் வேகத்தில் மேலேற இடமளித்தது. இன்றைய பயிற்சி அமைப்புகள் பல சுமார் 9 மீட்டர் என்கின்றன. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல் இருமடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலின் காற்று மேலே வரும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும். பழைய கருவியில் இறங்கிப் பார்க்க விரும்புவோர், முதலில் இக்காலக் கருவியில் சான்றிதழ் பெற்று, பிறகு இரட்டைக்குழாய் தெரிந்த பயிற்சியாளருடன் ஆழமில்லாத நீச்சல்குளத்தில் தொடங்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

கருவியைத் தவிர நடத்தையிலும் காலம் மாறியிருக்கிறது. ஆமையின் முதுகைப் பிடித்துச் சவாரி செய்வதும், பவளத்தை உடைத்தெடுப்பதும், சுறாவைக் கண்டாலே ஈட்டியை நீட்டுவதும் அக்காலத் திரையில் இயல்பான வேடிக்கைகள். கேன்ஸ் விழாவில் உயரிய விருது பெற்ற கூஸ்தோவின் 1956ஆம் ஆண்டுப் படத்திலேயே மீன்களை எண்ணுவதற்காக வெடிவைக்கும் காட்சி இருக்கிறது. குழந்தைகள் உடனிருந்தால் இக்காட்சிகளைத் தாண்டிவிடாமல் நிறுத்திப் பேசுவது நல்லது. கடலாமைகளும் பவளங்களும் நம் நாட்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

மாலை முடிந்ததும் ரெகுலேட்டரை அப்படியே அலமாரியில் தள்ளிவிடாதீர்கள். மும்பையின் மழைக்கால ஈரத்தில் ரப்பர் பிசுபிசுத்துப் பூஞ்சை பூக்கும். குழாய்களைக் கழற்றி, நன்னீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் உள்ளும் புறமும் உலர்த்தி, வளைக்காமல் நீளமாகத் தொங்கவிடுங்கள்; வெயிலில் காயவைக்கக் கூடாது. உலோகப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை உடன் வையுங்கள். இரவல் வாங்கிய கருவியானால், உரியவரிடம் கொடுக்கும் முன் மேற்சொன்ன உள்ளிழுப்புச் சோதனையை அவர் கண்முன்னே இன்னொருமுறை செய்துகாட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.