பால் சேராத இனிப்புக் காபி: வீட்டில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகப் பால் சேராத காபி போட ஆரம்பித்த நாட்களில் நான் சொதப்பியதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். பாதாம் பால், சோயா பால், ஓட்ஸ் பால் எல்லாவற்றையும் பசும்பால் போலவே நினைத்துக்கொண்டேன். பொங்கப் பொங்கக் காய்ச்சினேன், கொதிக்கிற டிகாஷனில் ஊற்றினேன், பழகிய அளவுக்குச் சர்க்கரை போட்டேன். மூன்றுமே தப்பு.

அதிகம் பேர் சோர்ந்துபோவது பால் திரிவதில்தான். ஊற்றிய நொடியே தயிர் உடைந்த மாதிரி துகள் துகளாக மிதக்கும். உடனே பால் கெட்டுவிட்டது என்று கீழே கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கெட்ட பால் இல்லை. காபி லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-ஐ ஒட்டி இருக்கும். சோயாப் புரதம், பிஎச் 4.5 அளவை நெருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும். கூடவே சூடும் அதிகமாக இருந்தால் அதற்கு முன்னாலேயே திரண்டுவிடும். டோஃபு செய்வது இதே தன்மையை வைத்துத்தான். சோயா பாலைக் காய்ச்சி, அதில் அமிலமோ கால்சியம் உப்போ சேர்த்து உறைய வைக்கிறார்கள். கோப்பைக்குள் நாம் தெரியாமல் செய்வதும் ஏறக்குறைய அதுவே. அதனால் கால்சியம் சேர்த்த சோயா பால் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பாதாம் பாலும் இப்படித் திரியக்கூடியதுதான்.

சரி, என்ன செய்யலாம்? டிகாஷனை இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் பாலைத் தனியாக, சிறு தீயில் சூடாக்குங்கள். 60 டிகிரி செல்சியஸ் போதும். ஆவி எழ ஆரம்பித்ததும், குமிழ் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலைச் சூடான டிகாஷனில் ஊற்றாதீர்கள். கோப்பையில் முதலில் பால், அதன்மேல் டிகாஷன், மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே. இந்த வரிசையை மாற்றியதுமே எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்குக் காபித் தூளைப் பாருங்கள். லேசாக வறுத்த தூளில் அமிலம் தூக்கலாக இருக்கும், நன்றாகக் கருக வறுத்ததில் குறைவு. பாக்கெட்டில் ‘பாரிஸ்டா’ என்று போட்டிருக்கும் தாவரப் பால் வகைகளில் பெரும்பாலும் அமிலத்தைச் சமன்செய்யும் உப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். சூடான காபிக்கு அவை நிஜமாகவே உதவும்.

ஓட்ஸ் பாலின் குணம் வேறு. அது அவ்வளவு எளிதில் திரியாது. ஆனால் ஓட்ஸை ஊறவைத்து வீட்டிலேயே அரைத்து வடிகட்டியது என்றால், அதில் மாவுச்சத்து அப்படியே இருக்கும். சூடு பட்டதும் கஞ்சியாகக் குழகுழத்துவிடும். எவ்வளவு கலக்கினாலும் சரியாகாது. அதைக் குளிர்ந்த காபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் ஓட்ஸ் பாலில் என்சைம் கொண்டு மாவுச்சத்தை உடைத்திருப்பார்கள், அதனால் அவ்வளவு கெட்டியாகாது. உடைந்த மாவுச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுவதால், ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுதியிருந்தாலும் அது இனிக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் திகட்டும். முதலில் பாலைத் தனியாக ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு எவ்வளவு இனிப்பு என்று முடிவு செய்யுங்கள்.

தேங்காய்ப் பாலை ஐஸ் காபியில் சேர்த்தால் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். மிக்ஸியில் காபியோடு ஒரு சுற்று அடித்து உடனே குடிப்பது நல்லது.

இனி சொல்லப்போவது ருசி சம்பந்தப்பட்டதல்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘நான்-டெய்ரி’ என்று எழுதிய கிரீமர் பொடியில் பால் இருக்காது என்று நம்பி ஒருமுறை வாங்கிவந்தேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் சோடியம் கேசினேட் என்று இருந்தது. அது பாலிலிருந்து எடுக்கிற புரதம். நல்லவேளை, பிரிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது. ‘லாக்டோஸ் இல்லாதது’ என்பதும் பசும்பால்தான். அதிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை மட்டும் உடைத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். லாக்டோஸ் செரிக்காதவர்கள் அதைக் குடிக்கலாம், பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. இனிப்புக்காக நாம் சேர்க்கிற கேரமல் சாஸ், வெள்ளை சாக்லேட், சாக்லேட் சிரப் எல்லாவற்றிலும் கேசினேட், வே (whey, பால் திரிந்ததும் பிரியும் நீர்), பால் திடப்பொருள் ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறருக்குப் போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால் பாதாமும் சோயாவும் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுவிடுங்கள். அவற்றாலும் ஒவ்வாமை வரும்.

குளிர்ந்த காபியில் சர்க்கரையை நேரடியாகப் போடுவது வீண். அடியில் மணல் மாதிரி தங்கிவிடும், மேலே கசக்கும், கடைசி வாய் மட்டும் இனிக்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு எடுத்து, கரையும்வரை சூடாக்கி, ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தாராளமாக வரும். அப்புறம், கசப்பு தூக்கலாக இருந்தால் இன்னும் இனிப்பைக் கொட்டாமல் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு சேர்த்துப் பாருங்கள். உப்பு கசப்பை அடக்கும்.

காபி தண்ணியாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பாலைக் குற்றம் சொல்வார்கள். பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஐஸும் கரைந்து தண்ணீராகும். டிகாஷனைக் கெட்டியாக இறக்குவது ஒன்றே வழி. மீந்த டிகாஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொண்டால், கட்டி கரைந்தாலும் காபி நீர்த்துப்போகாது. இன்னும் எளிது, தூளைக் குளிர்ந்த நீரில் போட்டு 12 முதல் 18 மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவைத்து வடிகட்டுவது. ஒரு பங்கு தூளுக்கு எட்டுப் பங்கு தண்ணீர். சூடே இல்லாததால் பால் திரிகிற பயமும் குறைவு.

பால் பாக்கெட்டைக் குலுக்காமல் ஊற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. சேர்த்த கால்சியம் அடியில் படிந்திருக்கும், குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

கடைசியாக நுரை. இன்ஸ்டன்ட் காபித் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் இரண்டிரண்டு கரண்டி எடுத்து அடித்தால், ஒரு சொட்டுப் பால் இல்லாமலே கெட்டியான நுரை வரும். முட்டை, கிரீம் அடிக்கும் மின்சார பீட்டர் இருந்தால் நாலைந்து நிமிடம், கையால் என்றால் கை நோகும்வரை. குளிர்ந்த ஓட்ஸ் பாலின் மேல் அதை எடுத்து வைத்துக் கலந்து குடித்துப் பாருங்கள். இதில் மட்டும் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டாம். சர்க்கரையின் பிசுபிசுப்புதான் நுரையைத் தாங்கிப் பிடிக்கிறது, குறைத்தால் சீக்கிரமே அமுங்கிவிடும். இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் நுரையைக் குறைவாக எடுத்து வையுங்கள். வடிகட்டிக் குடிக்கும் சாதாரணக் காபித் தூளில் இதை முயற்சி செய்யாதீர்கள், அது கரையாது, நுரையும் வராது.