டோட்டா 2 இன்டர்நேஷனல்: முதன்முறை பார்ப்பவர் கண்ணை எங்கே வைக்க வேண்டும்

டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் உலகக் கோப்பை என்று சொல்லத்தக்க ‘தி இன்டர்நேஷனல்’ போட்டியை முதன்முதலாகப் பார்க்க உட்காருபவர் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். திரையின் நடுவில் பத்து உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து வண்ண வண்ணமாக வெடிக்கின்றன. வர்ணனையாளர் மூச்சுவிடாமல் கத்துகிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது. என்ன நடந்தது என்பது மட்டும் விளங்குவதில்லை. விளையாட்டு கடினமானது என்பது உண்மைதான். ஆனால், புதியவர் திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய காரணம். ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்பது திரையின் ஓரங்களில், அதாவது மூலையில் இருக்கும் சிறு வரைபடமான மினிமேப்பிலும் மேல் பட்டையிலும் தங்கக் கணக்கிலும்தான் முதலில் தெரிகிறது. அந்த ஓரங்களைப் படிக்கப் பழகுவதற்கான வழிகளையே இங்கே சொல்கிறேன்.

நேரலையில் தொடங்க வேண்டாம். முடிந்துபோன ஓர் இறுதிப்போட்டியின் பதிவை எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் வீதம், தேவைப்படும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் டீம் ஃபால்கன்ஸ் அணி எக்ஸ்ட்ரீம் கேமிங் அணியை 3-2 என்று வென்ற தொடர் இதற்கு ஏற்றது. ஐந்து ஆட்டங்களும் முழுமையாக நடந்தன. முடிவு முன்பே தெரிந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. யார் வெல்வார் என்ற பதற்றம் இல்லாதபோதுதான் ஏன் வென்றார் என்பதைக் கவனிக்க மனம் இடம் கொடுக்கிறது. மிகப் பழைய பதிவுகளைப் பிறகு பார்க்கலாம்; 2023-இல் விளையாட்டின் வரைபடமே விரிவாக்கப்பட்டதால், அதற்கு முந்தைய ஆட்டங்களில் கற்ற இடங்கள் இன்றைய ஆட்டத்தில் வேறிடத்தில் இருக்கும்.

விதிகளில் முதலில் தெரிய வேண்டியது கொஞ்சமே. அணிக்கு ஐந்து பேர்; ஒவ்வொருவரும் ஹீரோ எனப்படும் ஓர் உருவத்தை இயக்குகிறார். வரைபடத்தின் கீழ் இடது மூலையில் ரேடியன்ட் தரப்பும் மேல் வலது மூலையில் டயர் தரப்பும் தளம் அமைத்திருக்கின்றன. ஒவ்வொரு தளத்தின் உள்ளேயும் ஏன்ஷியன்ட் என்ற கட்டடம் இருக்கிறது. எதிரியின் ஏன்ஷியன்ட்டை இடித்த அணி வென்றது. எதிரி ஹீரோவைக் கொல்வது தங்கமும் அனுபவமும் கொடுக்குமே தவிர, அதற்கென்று வெற்றிப் புள்ளி கிடையாது. ஆகவே மேல் பட்டையில் 25-12 என்று கொலைக் கணக்கு தெரிந்தாலும் 12 எடுத்த அணி முன்னணியில் இருக்கக்கூடும். இரு தளங்களையும் மூன்று லேன்கள் இணைக்கின்றன; அவற்றின் வழியே 30 விநாடிக்கு ஒரு முறை கிரீப் எனப்படும் சிறு படைகள் கிளம்புகின்றன; வழியை மறித்துத் தரப்புக்கு 11 டவர்கள் நிற்கின்றன. வீரர்களை 1 முதல் 5 வரை எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். 1 என்பவர் கேரி. அணியின் தங்கத்தில் பெரும்பங்கைத் தின்று, பிற்பகுதியில் அதைத் திருப்பித் தர வேண்டியவர். 5 என்பவர் சப்போர்ட்; தன் பங்கைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து, கண்காணிப்பு வார்டுகளை நட்டு, தேவைப்பட்டால் முதலில் சாக வேண்டியவர். புதியவரின் கண்ணுக்குப் படாதவரும், பழகியவர் முதலில் தேடுபவரும் இந்த ஐந்தாமவரே.

ஆட்டம் தொடங்குமுன் நடக்கும் டிராஃப்ட்டைத் தாண்டிச் செல்லாதீர்கள். 120-க்கும் மேற்பட்ட ஹீரோக்களில் இரு கேப்டன்களும் மாறி மாறிச் சிலரைத் தடை செய்கிறார்கள், சிலரை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எடுத்த ஹீரோ மற்றவருக்குக் கிடைக்காது. எல்லா ஹீரோக்களையும் அறிந்தவர்தான் இதைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்க வேண்டாம். இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த அணி சீக்கிரம் சண்டைக்குப் போக விரும்புகிறது, எந்த அணி காலம் கடத்த விரும்புகிறது? கடைசித் தேர்வைக் கேப்டன் யாருக்காக ஒளித்து வைத்திருக்கிறார்? 2019-இல் ஷாங்காயில் ஓஜி அணி, சப்போர்ட்டுக்கு உரியது என்று எல்லோரும் எண்ணியிருந்த ஐஓ என்ற ஹீரோவைத் தன் கேரி வீரரான அனாவிடம் கொடுத்து விளையாடியது. ஐஓ தேர்வானவுடன் அது யார் கைக்குப் போகும் என்று தெரியாததே எதிரணியின் திட்டத்தைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு வென்றதன் மூலம் இன்டர்நேஷனல் கோப்பையை இரண்டு முறை பெற்ற முதல் அணி ஆனது ஓஜி.

முதல் பத்து நிமிடம் லேன்களில் கிரீப்புகளுக்குக் கடைசி அடி கொடுத்துத் தங்கம் சேர்ப்பதில் கழியும். இரு கேரிகளின் கடைசி அடி எண்ணிக்கையை ஐந்தாம் நிமிடத்தில் ஒரு முறையும் பத்தாம் நிமிடத்தில் ஒரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். தேநீர் போட்டுக்கொள்ள ஏற்ற நேரமும் இதுவே.

அதன் பிறகுதான் மினிமேப். அதில் ஓர் அணியின் ஐந்து புள்ளிகளும் ஒரே பக்கம் நகர்ந்தால் அவர்கள் எதையோ எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். ‘ஸ்மோக்’ என்று வர்ணனையாளர் சொன்னால், எதிரியின் பார்வையில் படாமல் நகரும் பொருளைப் பயன்படுத்திவிட்டார்கள், சண்டை நெருங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அந்தச் சண்டை ரோஷனைச் சுற்றி நடக்கும். ரோஷன் என்பது குழிக்குள் குடியிருக்கும் மிருகம். அதைக் கொன்றால் கிடைக்கும் ஏஜிஸ், வைத்திருப்பவரை ஒரு முறை உயிர்ப்பிக்கும். ஐந்து நிமிடத்தில் ஏஜிஸ் காலாவதியாகிவிடும்; ரோஷன் 8 முதல் 11 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் மீண்டும் தோன்றும். இந்த நிச்சயமின்மையால்தான் இரு அணிகளும் குழி வாசலில் ஒன்றையொன்று உளவு பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

குழி ஏன் ஆபத்தானது என்பதற்கு 2015 இறுதிப்போட்டியின் நான்காவது ஆட்டத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. சியாட்டிலில் நடந்த அந்த ஆட்டத்தில் சீனாவின் சிடெக் அணி ரோஷனின் குழிக்குள் புகுந்திருந்தபோது, ஈவில் ஜீனியஸஸ் அணி முதலில் குழியின்மேல் பனித் தாக்குதலை இறக்கியது. அதன் பின்னாலேயே யூனிவர்ஸ் என்ற பெயரில் ஆடிய வீரர் தன் எர்த்ஷேக்கர் ஹீரோவை உள்ளே குதிக்கவைத்து எக்கோ ஸ்லாம் என்ற திறனைப் பயன்படுத்தினார். அருகில் எத்தனை எதிரிகள் நெருங்கி நிற்கிறார்களோ அத்தனை மடங்கு எதிரொலித்துத் தாக்கும் திறன் அது. இடுக்கான குழியில் நின்றவர்கள் தாங்களே அதன் வலிமையைப் பெருக்கிக் கொடுத்தார்கள். தொடர் 3-1 என்று முடிந்தது. வென்ற அணி ஏறத்தாழ 66 லட்சம் டாலர் பெற்றது. பதிவைப் பார்க்கும்போது வெடிப்பைப் பார்க்காமல், அதற்கு முந்தைய அரை நிமிடத்தில் மினிமேப்பில் இரு அணிகளும் எங்கே நின்றன என்று மட்டும் பாருங்கள்.

சண்டை இல்லாத இடமும் கவனத்துக்குரியது. நான்கு பேர் ஒரு மூலையில் மோதிக்கொண்டிருக்கும்போது மீதமுள்ள ஒருவர் மறுமூலையில் தனியாக டவரை இடித்துக்கொண்டிருப்பார். கேமரா அங்கே போகாது. 2013-இல் ஸ்வீடனின் அலையன்ஸ் அணி உக்ரைனின் நாவி அணியை வென்றது இப்படித்தான். 2-2 என்றிருந்த இறுதிப்போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில், தளத்தைக் காக்க டெலிபோர்ட் வழியே திரும்ப முயன்ற நாவி வீரர்களை எஸ்4 என்பவர் பக் ஹீரோவின் ட்ரீம் காயில் திறனால் தடுத்து நிறுத்தினார். அவருடைய கூட்டாளிகள் அதற்குள் நாவியின் கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரைக் கொன்றார் என்பது ஒரு பொருட்டே இல்லை. சில விநாடிகளைத் திருடினார், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக அழகான நகர்வு அது. எக்கோ ஸ்லாமை அதற்கு மேலே வைப்பவர்களே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முப்பதாம் நிமிடத்துக்குப் பிறகு வர்ணனையாளரின் கூச்சலைவிட அவர் தாழ்ந்த குரலில் சொல்லும் ‘பைபேக் இல்லை’ என்ற இரண்டு சொற்களுக்குக் காது கொடுங்கள். இறந்த ஹீரோ தங்கம் கொடுத்து உடனே உயிர்த்தெழுவதே பைபேக். ஒருவர் ஒரு முறை அதைப் பயன்படுத்திவிட்டால் அடுத்த 8 நிமிடத்துக்கு மீண்டும் பயன்படுத்த முடியாது. பிற்பகுதியில் இறந்தவர் திரும்பிவர ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகலாம் என்பதால், பைபேக் இல்லாத கேரி ஒருவர் விழுந்தால் அந்த இடைவெளியிலேயே ஏன்ஷியன்ட் போய்விடும். தங்கத்தில் பத்தாயிரம் முன்னணியில் இருக்கும் அணிகூட ஒரே சண்டையில் தோற்பது இதனால்தான். ஓஜி அணி பைபேக்கைத் தயங்காமல் செலவழிப்பதற்குப் பேர்போனது; பிறர் சிக்கனம் பிடித்த இடத்தில் அவர்கள் எண்ணிக்கை பலத்தை வாங்கினார்கள்.

குழுச் சுற்றின் அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதன்மைச் சுற்றில் இரட்டை வாய்ப்பு முறை இருக்கும். மேல் அடுக்கில் தோற்ற அணி கீழ் அடுக்குக்கு இறங்கும். அங்கேயும் தோற்றால் வீட்டுக்குப் போகும். கீழ் அடுக்கின் ஆட்டங்களையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள் என்பது என் பரிந்துரை. 2017-இல் டீம் லிக்விட் அணியும், 2021-இல் டீம் ஸ்பிரிட் அணியும் கீழ் அடுக்கிலிருந்து ஏறி வந்தே கோப்பையைத் தூக்கின.

பரிசுத் தொகையைக் கொண்டு ஓர் ஆண்டின் தரத்தை அளக்காதீர்கள். 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 16 அணிகளுடன் தொடங்கியபோது முதல் பரிசு 10 லட்சம் டாலர். விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013 முதல் ரசிகர்கள் வாங்கும் டிஜிட்டல் தொகுப்பின் விற்பனையில் 25 சதவீதத்தைப் பரிசில் சேர்த்ததால், 2021-இல் மொத்தத் தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. 2023-இல் அந்த விற்பனை முறை மாறியதும் தொகை 30 லட்சம் டாலர் அளவுக்கு இறங்கியது. ஆட்டத்தின் தரம் இறங்கவில்லை.

நேரக் கணக்கைப் போட்டி நடக்கும் நகரைப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஹம்பர்க்கில் நடந்தபோது இந்தியாவும் இலங்கையும் 3.30 மணி நேரம் முன்னே இருந்ததால் மாலையும் இரவும் பார்க்க முடிந்தது. 2022-இல் சிங்கப்பூரில் நடந்தபோது பகலிலேயே பெரும்பகுதி முடிந்தது. சியாட்டில் என்றால் 12.30 மணி நேர வேறுபாடு, தூக்கம் போகும். யூடியூப்பிலும் ட்விச்சிலும் ஒளிபரப்பு கிடைக்கிறது. விளையாட்டுச் செயலி இலவசம் என்பதால் கணினி வைத்திருப்பவர் அதனுள்ளேயே சென்று, கேமராவைத் தாமே நகர்த்திப் பார்க்கலாம். மூலைகளைப் படிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. பதிவாகப் பார்ப்பவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மூன்று ஆட்டத் தொடரின் முழு வீடியோ எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிட்டால், மூன்றாவது ஆட்டம் உண்டா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். ஆகவே ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து ஏற்றப்பட்ட வீடியோக்களைத் தேடி எடுங்கள்; நேரக் கோட்டை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துக்கொண்டாலும் தவறில்லை.

இறுதிநாள் ஐந்து ஆட்டத் தொடர். ஆட்டங்கள், டிராஃப்ட்டுகள், இடைவேளைகள் எல்லாம் சேர்ந்து ஐந்து மணி நேரத்தைத் தொடலாம். அன்றே கீழ் அடுக்கின் இறுதியும் அதற்கு முன்னால் நடக்கக்கூடும். சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். இடையில் எழுந்துதான் ஆக வேண்டுமென்றால் லேன் கட்டத்தில் எழுந்திருங்கள்; ஆட்டங்களுக்கு இடையே எழுந்தால் அடுத்த டிராஃப்ட்டுக்குள் திரும்பிவிடுங்கள்.